அடுத்த பஸ் யாருடையது?

மாதம் முடியப்போகிறது. முதலாம் திகதிக்குள் பிள்ளைக்குப் பஸ் சீசன் எடுத்தாக வேண்டும். இந்தத் தடவை எடுப்பதா, விடுவதா என்று கித்துல்கல, எட்டியாந்தோட்டைப் பக்கத்து வாசகர்கள் கேட்டு எழுதுகிறார்கள். "இனி எல்லா பஸ்ஸுக்கும் ஒரே டைம் டேபிள் என்கிறார்களே, அப்படியென்றால் சீசன் பிரைவேட் பஸ்ஸிலும் செல்லுமா?" என்பதே பெரும்பாலானவர்களின் சந்தேகம்.

செல்லாது. ஏன் செல்லாது, அதனால் யாருக்கு என்ன நட்டம் என்பதை அறிவிப்புகள் எதுவும் சொல்வதில்லை.

ஒருங்கிணைந்த நேர அட்டவணையை அதிகாரிகள் பயணிகளுக்கான சீர்திருத்தம் என்கிறார்கள். உள்ளபடி பார்த்தால், புறப்படும் நேரங்களை இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கும் (இ.போ.ச.) தனியாருக்கும் பங்குபோட்டுக் கொடுக்கும் ஏற்பாடு இது. கொழும்பிலிருந்து வெளிமாவட்டங்களுக்குப் போகும் தூரச் சேவைகளில் 2025 ஆகஸ்டில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, இ.போ.ச. தொழிற்சங்கங்கள் அந்த மாதக் கடைசியில் வேலைநிறுத்தத்தில் இறங்கின. வடக்கில் இதே சண்டை முன்பே நடந்தது. வவுனியாவின் புதிய பஸ் நிலையத்தில் இரு தரப்பும் சேர்ந்து நிற்பதா என்ற தகராறு 2018 ஜனவரியில் பஸ்கள் ஓடாமல் நிற்கும் அளவுக்குப் போனது. இரண்டு இடங்களிலும் எந்த நேரம் யாருக்கு என்பதே வழக்கு. வழியில் கைகாட்டி ஏறும் பிள்ளையின் பக்கம் அதிகம் பேசப்படவில்லை.

இந்த ஏற்பாட்டால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரே நிமிடத்தில் கிளம்பிய இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கினிகத்தேனை வளைவுகளில் இறங்குவதைப் பார்த்தவர்கள் போட்டி ஓட்டம் ஒழிய வேண்டும் என்பதை மறுக்கமாட்டார்கள். காத்திருக்கும் நேரமும் குறையும் என்று கூடவே சொல்கிறார்களே, அதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வழித்தடத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று விட்டு ஒன்றாக இ.போ.ச.வின் சிவப்பு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் வருகின்றன. காசு கொடுத்துப் போகிறவருக்கு 15 நிமிடத்தில் பஸ் கிடைக்கும். சீசன் வைத்திருக்கும் பிள்ளைக்கு அரை மணித்தியாலம் ஆகும். வடக்கில் பேசப்பட்டதைப்போலத் தனியாருக்கு 60, இ.போ.ச.வுக்கு 40 என்று பங்கு வந்தால், பத்து பஸ்ஸில் நான்குதான் அந்தப் பிள்ளைக்குரியது. சராசரி இடைவெளி 37 நிமிடத்தையும் தாண்டும். அட்டவணைப் பலகை ஒன்றுதான். ஆனால் அதைப் படிக்கும் இரண்டு பேருக்கு இரண்டு வேறு பஸ் சேவைகள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நல்ல வருமானமுள்ள நேரம் ஒருவருக்கே போய்விடக்கூடாது என்பதற்காகத் தனியார் பஸ்கள் தங்களுக்குள் நேரத்தைச் சுழற்சியில் மாற்றிக்கொள்வது வழக்கம். அந்தச் சுழற்சியில் இ.போ.ச. பஸ்ஸையும் சேர்த்துவிட்டால், இன்று காலை ஆறே முக்காலுக்கு வந்த சிவப்பு பஸ்ஸின் இடத்தில் நாளை தனியார் பஸ் வந்து நிற்கும். பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது. மிதிபலகையில் நிற்கும் கண்டக்டர், பிள்ளையின் கையிலுள்ள அட்டையைப் பார்த்ததும் "சீசனா? பின்னால வருது" என்று சொல்லிவிட்டு மணியை அடிப்பார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்த அட்டைக்காக அவர் முதலாளிக்கு ஒரு சதமும் வரப்போவதில்லை.

ஏன் வருவதில்லை? மாணவர் சீசனைச் சலுகை விலையில் விற்பது இ.போ.ச. அதனால் விழும் துண்டை ஈடுசெய்வது திறைசேரி. அந்தப் பணம் போக்குவரத்துச் சபைக்கே போகிறது. அதாவது, நேரத்தை ஒருங்கிணைத்தவர்கள் பணத்தை ஒருங்கிணைக்கவில்லை. என்னை உறுத்துவது இதுதான். அரசாங்கத்துக்கு இது தெரியாத வித்தையும் இல்லை. 2005இல் தொடங்கிய சிசு செரிய பாடசாலைச் சேவையில் தனியார் பஸ்களும் ஓடுகின்றன. சலுகைக் கட்டணத்தில் மாணவரை ஏற்றுவதற்கு அரசு அவர்களுக்குப் பணம் கொடுக்கிறது. அங்கே முடிந்த ஒன்று சாதாரண லைன் பஸ்ஸில் ஏன் முடியாது என்பதற்கு விளக்கம் தரப்பட வேண்டும்.

கித்துல்கலவுக்கென்று தனியாக ஒரு தலைவலி இருக்கிறது. ஊர் சப்ரகமுவையின் ஓரத்தில், அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் ஏ7 வீதியில் கிடக்கிறது. மேலே ஏறினால் கினிகத்தேனை மத்திய மாகாணம். கீழே இறங்கினால் அவிசாவளை மேல் மாகாணம். எட்டியாந்தோட்டைக்கோ கேகாலைக்கோ ஓடும் பஸ்ஸுக்கு மாகாண அதிகார சபை அனுமதி கொடுக்கிறது. அவிசாவளைக்கோ ஹட்டனுக்கோ ஓடினால் மாகாண எல்லை தாண்டுவதால், 1991ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு கொடுக்கிறது. ஒரே வீதி, ஒரே தரிப்பிடம், இரண்டு அதிகாரங்கள். தூர பஸ்ஸின் நேரத்தைப் புறக்கோட்டையில் வைத்துத் தீர்மானிப்பார்கள். அது நம் சந்திக்கு எத்தனை மணிக்கு வரும் என்பது மழையையும், சரிந்த மண்ணையும், அவிசாவளை நெரிசலையும் பொறுத்தது. கொழும்பில் கால் மணி இடைவெளியில் கிளம்பிய இரண்டும் இங்கே ஒன்றன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று வருவது புதினமல்ல. முன்னால் போகும் பஸ் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஆள் ஏற்றித் தாமதமாகிறது. பின்னால் வருவது ஆளில்லாமல் எட்டிப் பிடிக்கிறது. இடைநடுவில் நேரக்கணிப்பாளர் ஒருவர் நின்று கணக்குப் பார்க்காவிட்டால், அட்டவணை புறக்கோட்டையோடு சரி.

தரிப்பிடம் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். தோட்டத்துச் சந்தியில் பஸ் ஹோல்ட் இருக்கிறதா, இரண்டு வளைவு தள்ளி இருக்கிறதா என்பது லயத்திலிருந்து இறங்கி வருகிறவருக்குச் சின்ன விஷயமல்ல. ஏ7 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. நிழற்கூடம் என்றால் பிரதேச சபையைத்தான் கேட்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்து வந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். ஆகவே "தோட்டத்துக்குச் செய்ய எங்களுக்கு அதிகாரமில்லை" என்று இன்றைக்கும் யாராவது சொன்னால், அது காலாவதியான பதில். தரிப்பிடத்தை நகர்த்தும் யோசனை உங்கள் பக்கம் வந்தால், முடிவாகும் முன்பே சபை உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

கட்டணம் கூடுமா? நேர அட்டவணைக்கும் கட்டணத்துக்கும் தொடர்பில்லை. கட்டணத் திருத்தம் வழக்கமாக ஜூலையில் வரும்.

அரைச் சொகுசு பஸ்ஸில் அறவிடுவது எவ்வளவு? சாதாரணக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு.

இடையில் இறங்கினாலும் முழுத் தூரக் காசு கேட்டால்? டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு முறையிடுங்கள்.

சரி, சீசன் எடுப்பதா? பிள்ளை போகும் நேரத்திலும், ஒன்றரைக்குப் பள்ளி விட்டுத் திரும்பும் நேரத்திலும் எத்தனை சிவப்பு பஸ்கள் வருகின்றன என்று ஒரு வாரம் பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு நேரமும் நிச்சயமாக ஒன்று இருந்தால் எடுங்கள். ஒரு நேரம் மட்டும் என்றால், சீசனுக்கும் கொடுத்து டிக்கெட்டுக்கும் கொடுக்க வேண்டிவரும். கணக்குப் பார்த்து முடிவெடுங்கள்.

அந்தக் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். காலை ஆறு முதல் ஏழரை வரையும் பள்ளி விடும் நேரத்திலும் உள்ள முறைகளைச் சுழற்சியில் விடாமல் இ.போ.ச.வுக்கே நிரந்தரமாக ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் தனியார் பஸ்ஸிலும் சீசனை ஏற்கச் செய்து திறைசேரி அதற்குப் பணம் கட்ட வேண்டும். இதைப் பெற்றோர் சேர்ந்து கேட்க வேண்டிய நேரம் இது. பஸ் இலக்கம், திகதி, நேரம் மூன்றும் கையில் இருந்தால் முறைப்பாடு நிற்கும். போக்குவரத்து ஆணைக்குழுவின் எண் 1955; இ.போ.ச.வின் எண் 1958.