உள்ளீடு கட்டளையாக மாறினால்? – வழிப்படுத்தியும் கட்டளை உட்புகுத்தலும்

மாணவர்களே, வலையமைப்பைப் பாதுகாக்கும் வழி யாது என்று கேட்டால் உங்களிற் பலர் "பலமான கடவுச்சொல்" என எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். விடை சரி, ஆனால் முழுமையானதல்ல. கடவுச்சொல்லே தேவைப்படாத ஒரு தாக்குதலை இங்கு பார்ப்போம்.

1. அடிப்படை

வீட்டிலுள்ள வழிப்படுத்தியும் (ரவுட்டர்) ஒரு சிறிய கணினியே. அதனுள் பணிசெயல் முறைமை உண்டு. பெரும்பாலும் அது லினக்ஸ் ஆகும். திரையோ விசைப்பலகையோ இல்லாததால், உலாவியில் 192.168.1.1 போன்ற முகவரியை இட்டு, வரும் பக்கத்தின் மூலம் அதனை இயக்குகிறோம். இதுவே வலை இடைமுகம்.

2. வழு ஏற்படும் விதம்

அப்பக்கத்தில் இணைப்பைச் சோதிக்கும் பெட்டி ஒன்று உண்டு என்க. நீங்கள் இடும் ஐபீ முகவரியைச் செய்நிரல் "பிங்" என்பதன் பின்னால் ஒட்டி, பணிசெயல் முறைமையிடம் கட்டளையாகக் கொடுக்கிறது.

உள்ளீடு: 192.168.1.5
நடப்பது: பிங் மட்டும்

உள்ளீடு: 192.168.1.5; ரீபூட்
நடப்பது: பிங், பின்னர் சாதனம் மீளத் தொடங்கல்

லினக்ஸில் அரைப்புள்ளி (;) ஒரு கட்டளையை அடுத்த கட்டளையிலிருந்து பிரிக்கும். எனவே வெறும் தரவாக இருக்கவேண்டியது கட்டளையாகிவிட்டது.

அம்மா வெற்றுத் துண்டில் கையொப்பமிட்டுத் தம்பியிடம் கொடுக்கிறார். அவன் "சீனி 1 கிலோ" என்பதோடு "சொக்லேட் 10" என்றும் எழுதுகிறான். கடைக்காரர் கையொப்பத்தை நம்பி இரண்டையும் கொடுக்கிறார். இங்கு பாராமல் கையொப்பமிட்ட அம்மாவே செய்நிரல். கடைக்காரர் பணிசெயல் முறைமை.

3. உண்மைச் சம்பவம்

டீபீ-லிங்க் நிறுவனத்தின் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 வழிப்படுத்தியின் வலை இடைமுகத்தில், நாட்டைக் குறிக்கும் உள்ளீடு சரிபார்க்கப்படாமல் கட்டளையுடன் சேர்க்கப்பட்டது. கடவுச்சொல் இன்றியே, அதியுயர் அதிகாரத்துடன் கட்டளைகளை இயக்க இது இடமளித்தது. 2023 மார்ச்சில் நிறுவனம் திருத்திய மென்பொருளை வெளியிட்டது. ஆயினும் 2023 ஏப்பிரலில், திருத்தத்தை நிறுவாத சாதனங்களை மிராய் என்னும் தீம்பொருள் வலை கைப்பற்றத் தொடங்கியது. இவ்வாறு பிடிபட்ட சாதனங்கள் பிறரின் சேவையகங்களைத் திணறடிக்கும் சேவை மறுப்புத் தாக்குதலுக்குப் பயன்படும். உரிமையாளருக்கோ இணைய வேகம் குறைவதைத் தவிர வேறொன்றும் தெரியாதிருக்கலாம்.

4. தடுக்கும் வழிகள்

செய்நிரலாளர்:
• உள்ளீட்டைச் சரிபார்த்தல். ஐபீ முகவரியெனில் நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 – 255 வீச்சினுள். நாடெனில் பட்டியலில் உள்ளது மட்டும்.
• உள்ளீட்டைக் கட்டளை வரியுடன் ஒட்டாதிருத்தல்.

பயனர்:
• சாதனத்தின் மென்பொருளை இற்றைப்படுத்தல்.
• வெளியிலிருந்து வலை இடைமுகத்தை அணுகும் வசதியை நிறுத்தி வைத்தல்.
• திருத்தம் வெளிவராத பழைய சாதனத்தை மாற்றுதல்.

5. மாதிரி வினா

பலமான கடவுச்சொல் இட்டிருந்தும் ஒரு வழிப்படுத்தி தாக்கப்பட்டது. காரணம் ஒன்று தருக.

விடை: வலை இடைமுகம் உள்ளீட்டைச் சரிபார்க்காமல் பணிசெயல் முறைமைக்கு அனுப்பியமை.

நினைவிற் கொள்க: கடவுச்சொல் வாசற்கதவின் பூட்டு. சுவரில் ஓட்டை இருந்தால் பூட்டினால் பயனில்லை. பிறருடைய சாதனத்தில் இதைச் செய்து பார்ப்பது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும்.