வெல்டிங் பழக ஆசையா? முதலில் கண் பத்திரம்!

நங்கநல்லூரில் தனி வீடுகள் நிறைய. வீட்டுக்கு ஓர் இரும்புக் கதவு உண்டு. மழைக்காலம் போனதும் பார்த்தால், கதவின் கீழ்ப்பட்டை துருப்பிடித்து விட்டுப்போயிருக்கும்.

கிரில் பட்டறைக்காரரைக் கூப்பிட்டால், "நாளைக்கு வருகிறேன்" என்பார். அந்த "நாளை" எப்போது வரும் என்பது அவருக்கே தெரியாது!

"நாமே பற்ற வைத்தால் என்ன?" என்ற ஆசை அப்போதுதான் பிறக்கிறது.

ஆசைப்படுவதில் தவறு இல்லை. முன்பெல்லாம் வெல்டிங் எந்திரம் என்றால், நகர்த்தவே இரண்டு மூன்று பேர் வேண்டும். இப்போது "இன்வெர்ட்டர்" எந்திரம் வந்துவிட்டது. ஒரு கையால் தூக்கலாம். விலை சில ஆயிரம் ரூபாய்தான். வீட்டில் உள்ள 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும். 16 ஆம்பியர் பிளக்கும், சரியான "எர்த்"தும் இருக்க வேண்டும். அதை எலக்ட்ரீசியனிடம் காட்டிக்கொள்வது நல்லது.

எந்திரம் வாங்குவது சுலபம். வெளிச்சத்திலிருந்து தப்புவதுதான் பெரிய காரியம்.

நள்ளிரவில் வரும் வலி

வெல்டிங் தீப்பொறியைப் பார்த்தால் யாருக்கும் வேடிக்கை பார்க்கத் தோன்றும். குழந்தைகளுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்த ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. அவை விழியின் மேல்தோலைச் சுட்டுவிடும்.

சுட்டது அப்போது தெரியாது. அதுதான் மோசம்! மாலையில் வேலை முடித்துச் சாப்பிட்டுப் படுத்தவர், நள்ளிரவில் எழுந்து உட்காருவார். கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் உறுத்தும். கண்ணைத் திறக்க முடியாது. தண்ணீர் தாரை தாரையாக ஓடும்.

உடனே வீட்டில் வைத்தியம் ஆரம்பமாகும். தாய்ப்பால் விடு என்பார் ஒருவர். உருளைக்கிழங்கை நறுக்கி வை என்பார் இன்னொருவர். இரண்டும் வேண்டாம். புண்ணான கண்ணில் கிருமி சேர்ந்தால் நிலைமை கெடும். மருந்துக் கடையில் மரத்துப்போகும் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டே இருப்பதும் ஆபத்து. கண் டாக்டரிடம் போவதே சரி. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது. 1819-ல் தொடங்கிய பழம்பெரும் மருத்துவமனை அது.

பெரும்பாலும் இரண்டொரு நாளில் குணமாகிவிடும். அடிக்கடி இப்படி நேர்ந்தால் மட்டும் விளையாட்டல்ல.

கூலிங்கிளாஸ் இதற்குப் போதாது. முகம் முழுவதும் மூடும் கவசம் வேண்டும். அதில் 10 அல்லது 11-ம் எண் கறுப்புக் கண்ணாடி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்துகிறவருக்குக் கவசம் ஏது? சுற்றிலும் தகரத்தை நிறுத்தி மறைத்த பிறகே பற்ற வைக்க வேண்டும்.

நடப்பது என்ன?

ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே சிறிய இடைவெளி. அதில் மின்சாரம் தாவுகிறது. அந்த இடத்தில் பல ஆயிரம் டிகிரி வெப்பம் உண்டாகிறது. சுமார் 1,500 டிகிரியில் உருகும் இரும்பு, அங்கே மெழுகுபோல் இளகுகிறது. ராடும் உருகி அதோடு கலந்துவிடுகிறது.

ராடின் மேல் உள்ள பூச்சு எரிந்து புகையாகிறது. அது காற்று உள்ளே புகாமல் தடுக்கிறது. மீதி, கசடாகி மேலே மூடிக்கொள்கிறது.

முதல் நாள் ராடு இரும்போடு ஒட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் ஒட்டும். வெடுக்கென்று திருப்பினால் விடும். தீக்குச்சி கிழிப்பதுபோல் மெதுவாக உரசி, லேசாகத் தூக்க வேண்டும். 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் போதும். அப்பளம் பொரிகிற மாதிரி சீராகச் சத்தம் வந்தால் கை சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

வீட்டுக் கதவில் பழகக்கூடாது. பழைய இரும்புக் கடையில் ஐந்தாறு மில்லிமீட்டர் கனமுள்ள துண்டுகள் கிடைக்கும். அவற்றில் கோடு கோடாக இழுத்துப் பழக வேண்டும். மெல்லிய குழாயில் ஆரம்பித்தால் ஓட்டைதான் விழும்!

காலில் செருப்புகூட இல்லாமல், ஈரத் தரையில் நின்று வேலை செய்கிறவர்கள் உண்டு. அது உயிரோடு விளையாடுவது. தோல் கையுறை, ஷூ, பருத்திச் சட்டை மூன்றும் அவசியம். நைலான் துணி பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

ஜி.ஐ. குழாயைப் பற்ற வைத்தால் துத்தநாகப் புகை வரும். அதைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிர்க் காய்ச்சல் வரும். வெயிலில் நின்றதால் வந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். காலி பெட்ரோல் டிரம், பெயிண்ட் டப்பா பக்கம் போகவே கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

ஊஞ்சல் கொக்கி

நன்றாகக் கலந்த இணைப்பு எவ்வளவு தாங்கும்? 1955-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, பெரம்பூர் ரெயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார். அங்கே செய்த உருக்குப் பெட்டிகள் முழுவதும் வெல்டிங்கால் இணைத்தவை. கோடிக்கணக்கான மக்கள் அவற்றில் பயணம் செய்தார்கள்.

ஆனால் மேலே பளபளவென்று இருந்து, உள்ளே கலக்காத இணைப்பும் உண்டு. பார்த்தால் தெரியாது. ஆகவே பழகும் துண்டை "வைஸ்"ஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்க்க வேண்டும். இணைப்பில் பிளந்தால், இன்னும் பழக வேண்டும்.

பூந்தொட்டி ஸ்டாண்டு, செருப்பு ஸ்டாண்டு ஆகியவற்றைத் தாராளமாகச் செய்யலாம். விட்டுப்போனால் தொட்டிதான் உடையும். பாட்டி உட்காரும் ஊஞ்சலின் கொக்கி, மாடிக் கைப்பிடி, ஏணி இவற்றைக் கை தேர்ந்தவரிடம் விட்டுவிட வேண்டும்.

முறையாகக் கற்க விரும்பும் இளைஞருக்கும் பெண்களுக்கும் வழி இருக்கிறது. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் படிப்பு ஓராண்டு. எட்டாம் வகுப்புத் தேறியவர்கள் சேரலாம்.

வீட்டில் பழகுகிறவர், எந்திரத்தை நிறுத்தியதும் உள்ளே போய்விடக்கூடாது. பொறி விழுந்த சாக்கும் தென்னை ஓலையும் மெல்லப் புகைந்து பிறகுதான் பற்றும். ஒரு வாளித் தண்ணீரோடு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.