ஆதிக்கத்தின் செலவை ஏற்றவர் யார்?
மைசூர் அரசும் பெங்களூர் நகரமும் கூறும் பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய வல்லரசுகள் ஆப்பிரிக்கக் கண்டத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை பெர்லின் நகரில் கூடிய மாநாடு இப்பங்கீட்டுக்கான விதிகளை வகுத்தது. ஆப்பிரிக்க மக்களின் பிரதிநிதி எவரும் அதில் இடம்பெறவில்லை. 1914ஆம் ஆண்டில் எத்தியோப்பியா, லைபீரியா ஆகிய இரண்டும் நீங்கலாக ஏறத்தாழக் கண்டம் முழுவதும் ஐரோப்பியர் ஆதிக்கத்தின் கீழ் இருந்தது. ஆலைகளுக்கு மூலப்பொருள், உற்பத்திப் பொருள்களுக்குச் சந்தை, மூலதனத்துக்கு இலாபம், வல்லரசுகளுக்கிடையே போட்டி ஆகியன இதன் காரணங்களாக எடுத்துக்காட்டப்படுகின்றன.

காரணங்களைப் பட்டியலிடுவது எளிது. இந்த ஆதிக்கம் நடைமுறையில் எவ்வாறு இயங்கியது, அதன் செலவை ஏற்றவர் யார் என்பவை அதனினும் முக்கியமான வினாக்கள். வடக்கு நைஜீரியாவில் உள்ளூர் அமீர்களைப் பதவியில் வைத்துக்கொண்டே ஆட்சி நடத்திய லுகார்டு பிரபு, 'மறைமுக ஆட்சி' முறையின் சிற்பி எனப் போற்றப்பட்டவர். அவர் 1858இல் பிறந்தது சென்னைக் கோட்டையில். அவர் கையாண்ட முறைக்கு ஒப்பான ஒன்று, அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே மைசூரில் நடைமுறைக்கு வந்திருந்தது. எனவே மேற்கூறிய வினாக்களுக்குப் பெங்களூரின் வரலாற்றிலேயே விடை காணலாம்.

உதவிப்படை உடன்படிக்கை

1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் மடிந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி மைசூரின் ஒரு பகுதியைத் தானும் தன் கூட்டாளியான நிஜாமும் எடுத்துக்கொண்டபின், எஞ்சிய பகுதியை ஐந்து வயதுச் சிறுவரான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு அளித்தது. அதே ஆண்டில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, மைசூரின் 'பாதுகாப்புக்காக' நிறுத்தப்படும் கம்பெனிப் படையின் செலவுக்கென மைசூர் அரசு ஆண்டுதோறும் 7 இலட்சம் நட்சத்திர வராகன்களைச் செலுத்த வேண்டும். இது ஏறத்தாழ ரூ. 24.5 இலட்சத்துக்குச் சமமாகும்.

இத்தொகையின் அளவைவிட அதன் தன்மையே ஆழ்ந்து நோக்கத்தக்கது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் தொகை மாறாது. ஆனால் அதை ஈட்டித்தந்த நிலவரியோ, ஏரிகளின் நீரையும் புன்செய் விளைச்சலையும் நம்பியிருந்தது. நிலையற்ற வருவாயின் மீது நிலையான கடப்பாடு ஒன்று சுமத்தப்பட்டது. தொகை தவறக்கூடும் என்ற அச்சம் ஏற்பட்டாலே நாட்டின் நிர்வாகத்தைக் கம்பெனி தன் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியும் உடன்படிக்கையில் இருந்தது.

சரத்து முறையும் நகர் கிளர்ச்சியும்

வருவாயை எவ்வாறேனும் பெருக்கவேண்டிய நிலையில், 'சரத்து' எனப்பட்ட முறை மைசூரில் பரவியது. ஒவ்வொரு அமில்தாரும் தம் தாலுகாவிலிருந்து குறிப்பிட்ட தொகையைத் திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்வார். குறைந்தால் பொறுப்பு அவருடையது. அவர் அச்சுமையைக் குடியானவர் மீது இறக்கினார். அரண்மனையின் ஊதாரிச் செலவும் அதிகாரிகளின் ஊழலும் நிலைமையை மேலும் சீர்கெடச் செய்தன. 1830–31இல் நகர் பகுதியில் குடியானவர் கிளர்ச்சி மூண்டது.

இக்கிளர்ச்சியைக் காரணமாகக் காட்டி, 1831இல் தலைமை ஆளுநர் பெண்டிங்க் பிரபு மைசூர் நிர்வாகத்தை மேற்கொண்டார். உதவித்தொகைக்கு உடனடி ஆபத்து எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை என அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். எனினும் மன்னரிடம் ஆட்சி திரும்ப ஐம்பது ஆண்டுகள் ஆயின. வரிச்சுமை கிளர்ச்சிக்கு வித்திடுவதும், கிளர்ச்சி ஆதிக்கத்தை இறுக்கக் காரணமாவதும் மைசூரோடு நின்றுவிடவில்லை. 1898இல் சியாரா லியோனில் குடிசை வரியை எதிர்த்து எழுந்த போராட்டமும் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது.

பஞ்சமும் கடன் சுமையும்

ஆணையர்கள் ஆட்சியில் பெங்களூர் தலைமையிடமாயிற்று, சாலைகள் விரிந்தன, 1864இல் சென்னையிலிருந்து இரயில் பாதை வந்தடைந்தது. ஆயினும் 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்திலிருந்து இவை மக்களைக் காக்கவில்லை. 1871இல் 50 இலட்சத்துக்கு மேலிருந்த மைசூரின் மக்கள்தொகை, 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 42 இலட்சமாகக் குறைந்திருந்தது.

1881 மார்ச் 25ஆம் நாள் பத்தாம் சாமராஜேந்திர உடையாரிடம் ஆட்சி திருப்பி அளிக்கப்பட்டது. அப்போது அரசின் ஆண்டு வருவாய் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். பஞ்சத்தால் நேர்ந்த கடனோ 80 இலட்சம் ரூபாய். இந்நிலையிலும் உதவித்தொகையை ரூ. 35 இலட்சமாக உயர்த்த முடிவு செய்யப்பட்டது. திவான் ரங்காசார்லு, அவரைத் தொடர்ந்து சேஷாத்ரி ஐயர் ஆகியோரின் காலத்தில் இவ்வுயர்வு தள்ளிவைக்கப்பட்டு, 1896இல் நடைமுறைக்கு வந்தது. கூடுதலான ரூ. 10.5 இலட்சம் நீக்கப்பட்டது 1920களின் இறுதியில்தான். நாணயம் அச்சிடும் உரிமையும், இரயில் பாதை, தந்தி ஆகியவற்றின் மீதான அதிகாரமும் மைசூர் அரசுக்கு இல்லை.

ஒரு நகரம், இரண்டு நிர்வாகங்கள்

1809இல் பெங்களூரில் படைமுகாம் அமைந்தது. 'தண்டு' என மக்கள் அழைத்த இப்பகுதி, பழைய பேட்டையிலிருந்து தனித்து வளர்ந்தது. படையுடன் தமிழகப் பகுதிகளிலிருந்து வீரர்களும் வணிகரும் கைவினைஞரும் பணியாளரும் வந்து குடியேறினர். அல்சூரிலும் இன்றைய சிவாஜி நகரிலும் தமிழ் வழங்கலாயிற்று. 1881இல் நாடு மன்னரிடம் திரும்பியபோதும் இப்பகுதி திரும்பவில்லை. 'சிவில் மற்றும் இராணுவ நிலையம்' என்ற பெயரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் அதிகாரத்திலேயே அது நீடித்தது. கப்பன் பூங்காவின் ஒருபுறம் மைசூர் அரசின் சட்டமும், மறுபுறம் ஆங்கிலேயரின் சட்டமும் செல்லுபடியாயின.

அகன்ற சாலைகளும் தோட்ட வீடுகளும் ஒருபுறம் அமைய, மறுபுறம் நெருக்கமான பேட்டைத் தெருக்கள் இருந்தன. எனினும் தண்டுப் பகுதி முழுவதும் வசதி பெற்றிருந்தது எனக் கொள்ளலாகாது. அங்கு உழைத்த மக்களின் குடியிருப்புகளும் நெருக்கடி மிக்கவையே. 1898இல் பரவிய பிளேக் நோய் எல்லைக்கோட்டைப் பார்க்கவில்லை. இரு பகுதிகளையும் தாக்கியது.

தங்கமும் மின்சாரமும்

கோலார் தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கங்களை நிர்வகித்தது. மூலதனமும் இலாபமும் இலண்டனைச் சார்ந்திருந்தன. மைசூர் அரசுக்குக் கிடைத்தது உரிமத்தொகை. ஆழ்சுரங்கங்களில் உழைத்தவருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட வகுப்பினர். 1886இல் தங்கம் கண்டறியப்பட்ட தென்னாப்பிரிக்காவில், வரி விதிப்பு ஆப்பிரிக்கரைச் சுரங்க வேலைக்குத் தள்ளியது. இங்கு அப்பணியை வறட்சியும் நிலமின்மையும் செய்தன.

மைசூர் அரசு சிவசமுத்திரத்தில் அமைத்த நீர்மின் நிலையம் 1902 ஜூனில் இயங்கத் தொடங்கியது. சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாக முதலில் மின்சாரம் பெற்றவை கோலார் சுரங்கங்களே; பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல். ஆயினும் அம்மின் நிலையம் அரசின் உடைமையாக இருந்ததால், அதன் வருவாயும் தொழில்நுட்ப அனுபவமும் மைசூரிலேயே தங்கின. 1912 முதல் 1918 வரை திவானாக இருந்த விசுவேசுவரய்யாவின் தொழில் முயற்சிகளுக்கு இவ்வனுபவம் துணைநின்றது. நிர்வாக உரிமையின் ஒரு பகுதியேனும் எஞ்சியிருந்ததால் மைசூர் பெற்ற இவ்வாய்ப்பு, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குக் கிட்டவில்லை.

எஞ்சி நிற்பவை

தண்டுப் பகுதி 1947 ஜூலை 26ஆம் நாள் மைசூர் அரசிடம் திரும்பியது. 1949இல் இரு நகராட்சிகளும் இணைந்து ஒரே மாநகராட்சியாயின. தங்கச் சுரங்கங்கள் 1956இல் நாட்டுடைமையாக்கப்பட்டன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அவை மூடப்பட்டபோது, ஒரே தொழிலை நம்பி வளர்ந்த ஊரில் பல தலைமுறைத் தொழிலாளர் குடும்பங்கள் மாற்று வாழ்வாதாரமின்றி நின்றன. இன்றும் அங்கிருந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்காக இரயிலேறிப் பெங்களூர் வருகின்றனர். சட்டத்தால் எல்லையை ஒரே நாளில் அகற்றலாம். பொருளாதார அமைப்பை அவ்வாறு மாற்ற இயலாது.

ஆதிக்கத்தின் அடிப்படை, செலவை ஆளப்படுவோர் ஏற்க, பயன் வேறிடம் செல்வதேயாகும். மைசூரின் உதவித்தொகையும் ஆப்பிரிக்காவின் குடிசை வரியும் இதற்குச் சான்றுகள். இரயில் பாதையும் சாலையும் மின்கம்பியும் தம்மளவில் முன்னேற்றத்தின் அளவுகோல் ஆகா. அவை எவருடைய தேவைக்காக அமைகின்றன, அவற்றின் செலவு எவர் மீது விழுகிறது, விளைச்சல் பொய்த்த ஆண்டில் எவர் காக்கப்படுகிறார் என்பவையே உண்மையான அளவுகோல்கள். விடுதலை பெற்ற நாட்டின் ஒவ்வொரு வளர்ச்சித் திட்டமும் இவ்வினாக்களுக்கு விடை கூறியாக வேண்டும்.