கையில் பிடித்த கங்கு

எட்டு நிமிட நினைவு

நாலு பேர் முன்னால் ஒருவர் நம்மை அவமானப்படுத்துவது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அதற்குத் தகுந்த பதிலை மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பதோ வருடக்கணக்கில் நீள்கிறது. அந்த ஒத்திகையை உடல் வெறும் நினைவாக எடுத்துக்கொள்வதில்லை. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 2024-இல் வெளியான ஆய்வில் ஆரோக்கியமான 280 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பிரிவினரிடம், கோபமூட்டிய பழைய சம்பவத்தை எட்டு நிமிடம் நினைக்கச் சொன்னார்கள். அவர்களுடைய இரத்தக்குழாய்கள் விரிந்துகொடுக்கும் திறன் குறைந்தது. 40 நிமிடம் வரை அந்தக் குறைவு நீடித்தது. சோகத்தையும் பதற்றத்தையும் தூண்டிய பிரிவுகளில் அப்படித் தெளிவான மாற்றம் தெரியவில்லை. ஒருமுறை கோபப்பட்டால் மாரடைப்பு வந்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் ஒரே கசப்பைத் தினமும் கிளறிக்கொண்டிருப்பவர் இதயத்தைப் பற்றியும் யோசிக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது அம்பு

பௌத்த நூல் தொகுப்பான சம்யுத்த நிகாயத்தின் சல்லத்த சூத்திரத்தில் புத்தர் இரண்டு அம்புகளைச் சொல்கிறார். வலி முதல் அம்பு. அதைச் சுற்றி மனம் எழுப்பும் புலம்பலும் வெறுப்பும் இரண்டாவது. முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவதை யார் எய்கிறார்கள் என்று பார்க்க, காயம்பட்ட நேரத்தைவிட நல்ல நேரம் கிடையாது என்பது என் கருத்து. எல்லாம் சுமுகமாகப் போகும்போது யாரும் பொறுமைசாலிதான். காயப்படுத்தியவரின் முகம் நினைவுக்கு வரும்போது தாடை இறுகுகிறதா, மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். ‘என்னைப் போய் இப்படிச் சொல்லிவிட்டானே’ என்று மனம் முணுமுணுக்கும்போது எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது? பெரும்பாலும் ‘என்னை’யில்தான். அதைக் கண்டுகொண்ட கணத்தில் கவனம் எதிராளியிடமிருந்து நம் பக்கம் திரும்பிவிடுகிறது.

புத்தகோசரின் வழிகள்

கவனித்தாலும் கறுவல் அடங்காவிட்டால்? காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தவராகவும் அறியப்படும் புத்தகோசர், 5-ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் எழுதிய ‘விசுத்திமக்கம்’ நூலில் இந்தக் கேள்வியைப் பொறுமையாக எடுத்துக்கொள்கிறார். மன்னித்துவிடு என்று ஒரே வார்த்தையில் அவர் முடிப்பதில்லை. அந்த ஆளிடம் உள்ள நல்ல குணம் ஒன்றை நினைத்துப் பார். முடியாவிட்டால், பிறர்மேல் எறிய நெருப்புக் கங்கை எடுப்பவனின் கைதான் முதலில் சுடும் என்று எண்ணிப் பார். அதுவும் பலிக்காவிட்டால், உன் கோபம் அவர் தலைமுடி மீதா, நகத்தின் மீதா என்று உன்னையே கேள். எதுவும் உதவாதபோது, அவருக்கு ஒரு பொருளைக் கொடு, அவரிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள் என்கிறார். ஒரே மருந்து எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த வைத்தியரின் முறை இது. தலைமுடிக் கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு நேர்மையாகப் பதில் தேடினால், நாம் வெறுக்கும் ‘அவன்’ எங்கே இருக்கிறான் என்று நம்மால் சுட்டிக்காட்ட முடியாது.

கொட்டித் தீர்க்கலாமா, சும்மா இருக்கலாமா?

கோபத்தை அடக்கக் கூடாது, கொட்டித் தீர்க்க வேண்டும் என்பார்கள். 2002-இல் உளவியலாளர் பிராட் புஷ்மன் 600 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு இதற்கு நேர்மாறாகக் காட்டியது. கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. எதுவும் செய்யாமல் அமைதியாக உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள். அப்படியானால் அநியாயத்தைப் பொறுத்துப்போக வேண்டுமா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வெறுப்பை விடுவது வேறு, புகாரை விடுவது வேறு. பிக்குகள் செய்யும் தவறுகளை விசாரிக்கவும் தண்டிக்கவும் புத்தரின் சங்கத்திலேயே விதிமுறைகள் இருந்தன. வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம் தியானம் செய் என்று சொல்வது கொடுமை. அவருக்கு முதல் தேவை பாதுகாப்பு. பழைய சம்பவம் கெட்ட கனவாகவும் திடீர் நடுக்கமாகவும் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு, கண்ணை மூடி அதைக் கவனிப்பது நிலைமையை மோசமாக்கவும் கூடும். அவர்கள் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம்.