இல்லங்களில் மீண்டும் ஒலிக்க வேண்டிய பாடல்கள்

நோன்பு மாதத்தில் நம் தெருக்களில் ஒலித்த குரல் யாருடையது என்று கேட்டால், தமிழ் முஸ்லிம் இல்லத்துச் சிறுவனும் தயங்காமல் விடையளிப்பான். 1925ஆம் ஆண்டு பிறந்து 2015ஆம் ஆண்டு மறைந்த நாகூர் இ.எம்.ஹனிபா அவர்களின் வெண்கலக் குரல் அது. திருமண வீடாயினும், மீலாது மேடையாயினும், கந்தூரித் திடலாயினும் அக்குரல் இல்லாமல் நிகழ்ச்சி நிறைவுற்றதாக நாம் கருதியதில்லை. அதற்கு அவர் முற்றிலும் தகுதியுடையவர்தாம். ஆயினும் வாசகர்களே, அந்த ஒரு குரலோடு நம் இசைச் செல்வம் முடிந்துவிட்டதென்று எண்ணி, நானூறு ஆண்டுக் கருவூலத்தைப் பூட்டியே வைத்திருக்கிறோமே, அது முறையாகுமா?

பாடலைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், ‘மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?’ எனச் சிலர் வினவுவர். இசைக்கருவிகளைப் பற்றி உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்காக மதீனாப் பள்ளிவாசலில் மிம்பர் அமைக்கச் செய்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் காணப்படும் செய்தியாகும். கருவி வேண்டாம் என்போர் வெறும் குரலாலேயே பாடிக்கொள்ளலாம். நாம் கூறவிருக்கும் பாடல்களில் பெரும்பாலானவை அப்படிப் பாடுவதற்கென்றே பிறந்தவை.

முதலில் சீறாப்புராணம். ‘அது புலவர்கள் படிக்கும் நூலாயிற்றே’ என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். பதினேழாம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆகியோரின் ஆதரவில் உமறுப்புலவர் பாடிய இக்காப்பியம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்டது. விருத்தம் என்பது கண்ணால் படிப்பதற்கு மட்டுமன்று, இராகம் சேர்த்து வாய்விட்டுப் பாடுவதற்கும் உரியது. முழு நூலையும் பாட வேண்டியதில்லை. ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ ஒன்றைமட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேடனின் வலையில் சிக்கிய பெண்மான், பசியோடிருக்கும் தன் கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நாயகத்திடம் முறையிடுகிறது. வேடனோ நம்ப மறுக்கிறான். அப்பொழுது நபிகளார் தாமே அந்த வாயில்லா உயிருக்குப் பிணையாக நிற்கிறார்கள். மான் திரும்பி வருமா? கன்றையும் உடன் அழைத்துக்கொண்டு அது திரும்பி வந்து நிற்கும் இடத்தை ஒருவர் இராகமிட்டுப் பாட, மற்றவர் பொருள் சொல்ல, இரவு உணவுக்குப் பின் பிள்ளைகள் கேட்டார்களானால் அடுத்த இரவும் கேட்பார்கள். பொருள் விளங்காத இடங்களுக்குச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் உரை துணை நிற்கும்.

காப்பியம் கடினமென்று தோன்றினால் குணங்குடி மஸ்தான் சாகிபிடம் வாருங்கள். இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகேயுள்ள குணங்குடியில் பிறந்து, துறவு பூண்டு, சென்னை இராயபுரத்தில் வாழ்ந்து 1838இல் மறைந்த இந்த ஞானியின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர் என்பதாகும். தொண்டியார் என்று மக்கள் அழைத்த இவர் பெயராலேயே தண்டையார்பேட்டை வழங்கலாயிற்று என்பர். இவர் பாடிய பராபரக்கண்ணி, றகுமான் கண்ணி, மனோன்மணிக்கண்ணி ஆகியவை இரண்டிரண்டு அடிகளாக நடப்பவை. தாயுமானவர் கையாண்ட அதே வடிவந்தான். சமைக்கும்போதும், தறியில் அமர்ந்திருக்கும்போதும், தனிவழி நடக்கும்போதும் முணுமுணுக்கலாம். இரண்டடியில் ஓர் அழுகை முடிந்துவிடும். இவரைப் புகழ்ந்து நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர். அவ்வளவு தூரம் பிறர் அறிந்து போற்றிய ஒருவரை நம் இளைஞர்கள் அறியாதிருப்பதுதான் வேதனை!

தாளத்தில் நாட்டமுள்ளோர்க்குக் காயல்பட்டினத்துக் காசிம் புலவரின் திருப்புகழ் உண்டு. அருணகிரிநாதரின் சந்தத்தில் நபிபுகழ் பாடும் நூல் அது. நாவு புரளாதவர்கள் மெல்லத் தொடங்குவதே நல்லது!

பாடற் பதிவுகள் வேண்டுவோர் யாரைத் தேடுவது? நாகூர் தர்காவின் ஆஸ்தான வித்வானாக விளங்கிய எஸ்.எம்.ஏ.காதர், இசைமணி யூசுப், குமரி அபூபக்கர் ஆகியோர் கருநாடக இசையை முறையாகக் கற்று, அதில் இஸ்லாமியப் பாடல்களைப் பாடியவர்கள். இவர்களின் பதிவுகள் கிடைத்தால் விடாதீர்கள். அண்மைக் காலத்ததாயின், சென்னை எர்த்சிங்க் நிறுவனம் வெளியிட்ட ‘நாகூர் செஷன்ஸ்’ என்னும் இசைத்தொகுப்பைச் சொல்வேன். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், அதனால் தாக்குண்ட கரைகளின் இசையைத் தேடித் திரட்டிய ‘லயா பிராஜெக்ட்’ என்ற முயற்சியின் தொடர்ச்சியாகப் பிறந்தது அது. நாகூர் தர்காவில் பாடி வந்த அப்துல் கனி, அஜா மைதீன், சபுர்மைதீன் பாபா சபீர் ஆகிய மூவரின் குரல்கள் அதில் உள்ளன. புதுமுறை இசைக்கருவிகள் சில இடங்களில் சற்று மிகுந்துவிட்டன என்பது என் கருத்து. ஆயினும் அம்மூவரும் குரலெடுக்கும்போது அக்குறை மறந்துபோகிறது.

இறுதியாக, எந்தக் கடையிலும் கிடைக்காத பாடல்கள். கீழக்கரை ஆசியா உம்மாள், இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள் போன்ற பெண்மணிகள் ஞானப் பாடல்கள் இயற்றியுள்ளனர் என்பதைப் பலர் அறியார். அவர்களின் பாடல்கள் ஏட்டிலும் அச்சிலும் தங்கின. ஆனால் நம் பாட்டிமார் தொட்டிலை ஆட்டியபடி பாடிய தாலாட்டும், முனாஜாத்தும், கூடியமர்ந்து ஓதிய மாலைகளும் எந்த மெட்டில் அமைந்தவை என்பதை எந்த அச்சு நூலும் சொல்லாது. சொற்களை நூலகத்திலிருந்து மீட்கலாம். மெட்டு அந்த மூதாட்டியோடு போய்விடும். என் தாயாரின் தாயார் பாடிய மாலை ஒன்றின் முதல் இரண்டு அடிகளின் இராகம் மட்டுமே எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாம் அடியில் அது எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று கேட்டறிய இன்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை.

உங்கள் வீட்டில் அத்தகைய நன்னியோ, ராதியம்மாவோ, பெத்தம்மாவோ இருந்தால் இன்று ஜும்ஆவுக்குப் பின் அவர்கள் அருகில் அமருங்கள். கையில் இருக்கும் பேசியில் ஒலிப்பதிவை முடுக்கிவிட்டு, ‘சின்னஞ்சிறு வயதில் உங்களுக்கு யார் தாலாட்டுப் பாடினார்கள்?’ என்று கேளுங்கள். முதலில் வெட்கப்பட்டு மறுப்பார்கள். சற்றுப் பொறுத்திருங்கள்.