இட்லி விரைவு உணவா?

மாலை நேரம். மயிலாப்பூர் மாடவீதி ஓட்டல் ஒன்றில் அப்பாவுடன் நுழைகிறீர்கள். "ரெண்டு இட்லி" என்கிறார் அப்பா. சில நிமிடங்களில் ஆவி பறக்க இட்லி வந்துவிடுகிறது. அப்படியானால் இட்லி விரைவு உணவா?

"இல்லை, அடையாறில் தள்ளுவண்டியில் விற்கும் நூடுல்ஸும் பிரைடு ரைஸும்தான் பாஸ்ட் புட்" என்பீர்கள். கடைப் பலகைகளும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் கேட்டதும் காக்க வைக்காமல் தரப்படும் எந்த உணவும் விரைவு உணவுதான். சென்னை கதீட்ரல் சாலையில் 1962இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலில், காரில் உட்கார்ந்தபடியே இட்லி, தோசை சாப்பிட்டார்கள். அது 2008இல் மூடப்பட்டது. அந்த இடம் இன்று செம்மொழிப் பூங்கா.

ஆகவே இந்தச் சொல் பரிமாறும் வேகத்தை மட்டுமே குறிக்கிறது. சமைக்க ஆகும் காலத்தையோ, உணவின் தரத்தையோ அது சொல்வதில்லை.

இட்லியையே பாருங்கள். அரிசியும் உளுந்தும் பல மணி நேரம் ஊறுகின்றன. அரைத்த மாவில் இரவு முழுவதும் பாக்டீரியாக்கள் வேலை செய்கின்றன. அவற்றுள் முக்கியமானது லியூகோநாஸ்டாக். அது மாவிலுள்ள சர்க்கரையிலிருந்து லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் உண்டாக்குகிறது. அமிலத்தால் புளிப்பு, வாயுவால் மாவு பொங்குகிறது. உளுந்தின் வழவழப்பு வாயுவை வெளியேற விடாமல் பிடித்துக்கொள்கிறது. இட்லி மெத்தென்று இருப்பதன் ரகசியம் இதுதான்.

தி.நகர் கடைத்தெருவில் வாங்கும் பஜ்ஜியும் விரைவு உணவே. ஆனால் இட்லி நீராவியில் வேகிறது. பஜ்ஜி எண்ணெயில் பொரிகிறது. ஒரே எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சினால் அது சிதைந்து, துருவச் சேர்மங்கள் என்ற பொருள்கள் பெருகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நம் நாட்டில் விதி. எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள்!

பெயரைப் பார்த்து உணவை எடை போடாதீர்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது, எப்படிச் சமைத்தார்கள் என்று கேளுங்கள். நூடுல்ஸுக்கும் இதே கேள்விதான்.

இன்றிரவே ஒரு சோதனை செய்யலாமே! கண்ணாடி டம்ளரில் பாதியளவு புதிதாக அரைத்த இட்லி மாவை ஊற்றி, அதன் மட்டத்தைப் பேனாவால் குறித்து மூடி வையுங்கள். காலையில் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். சில நிமிடங்களில் தட்டுக்கு வரும் இட்லிக்குப் பின்னால் ஓர் இரவின் உழைப்பு இருப்பது கண்ணுக்குத் தெரியும்.