உஷார்! சிக்லிட் மீன்களைக் கண்டபடி கலக்காதீர்கள்

"எல்லாம் சிக்லிட்டுதான் சார், ஒண்ணா விடலாம்" என்று கடைக்காரர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். சென்னை கொளத்தூரின் மீன்கடைச் சந்துகளில் வாங்கினாலும் சரி, உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும் சரி, அந்த ஒரு வாக்கியத்தை நம்பி மலாவி மஞ்சள் நாலு, ஏஞ்சல் ரெண்டு, ஆஸ்கார் குஞ்சு ஒன்று என்று ஒரே தொட்டியில் விட்டவர்கள் ஏராளம். முதல் மாதம் அழகாகத்தான் இருக்கும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

சிக்லிட் என்பது ஒரு பெரிய மீன் குடும்பம். அதில் ஏஞ்சலும் டிஸ்கஸும் அமேசான் படுகையைச் சேர்ந்தவை. அங்கே ரியோ நீக்ரோ போன்ற கருநீர் ஆறுகளில் கடினத்தன்மை ஏறக்குறைய இல்லாத தண்ணீர், பி.எச். 5-க்கும் கீழே இறங்கும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலோ அது 7.7 முதல் 8.6 வரை, டாங்கனிக்கா ஏரியில் 9-ஐ ஒட்டி. பி.எச். ஒரு எண் ஏறினாலே அமிலத்தன்மையில் பத்து மடங்கு வித்தியாசம் என்பதை மறக்க வேண்டாம். டிஸ்கஸுக்கு 28 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மலாவி மீனுக்கு 25 போதும்.

"பண்ணையில் பிறந்த மீன் எந்தத் தண்ணிக்கும் பழகிடும்" என்பார்கள். பாதி உண்மை. நம் ஊர்ப் பண்ணை ஏஞ்சல்கள் ஓரளவு கடினமான போர் தண்ணீரிலும் வாழ்கின்றன, மறுக்கவில்லை. விபரீதம் அதற்குப் பிறகு நடக்கிறது. ஆப்பிரிக்க மீனுக்கு நிறம் வரவில்லை என்று யாரோ கோரல் மணல் போடச் சொல்வார்கள், அல்லது பி.எச். ஏற்றும் மருந்தை ஊற்றச் சொல்வார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, பி.எச். 7-ல் பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாகவே கிடக்கும். 25 டிகிரியில் நூற்றில் அரைப் பங்குதான் நஞ்சு. அதே தண்ணீர் 8-க்கு ஏறினால் நஞ்சு ஐந்து பங்கைத் தாண்டும். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கடையில் கிடைக்கும் டெஸ்ட் கிட்கள் பெரும்பாலும் மொத்த அம்மோனியாவைத்தான் காட்டும். அதனால் நேற்றைய நிறமே இன்றும் தெரியும். நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். காலையில் ஏஞ்சல்கள் மல்லாந்து மிதக்கும்.

தண்ணீர் தப்பினாலும் குணம் விடாது. கடையில் விற்பது ஒன்றரை அங்குலக் குஞ்சு. அதற்கு இன்னும் எல்லை, இணை என்ற எண்ணமே வந்திருக்காது. மலாவியின் பாறை மீன்கள் துரத்தியே வளர்ந்தவை. தோற்ற மீன் சட்டென்று பாறை இடுக்கில் நுழைந்துகொள்ளும். நீண்ட துடுப்பும் மெதுவான நீச்சலும் கொண்ட ஏஞ்சல் எங்கே நுழையும்? ஹீட்டர் பக்கத்து மூலையில் ஒதுங்கி, துடுப்பு கிழிந்து, பட்டினி கிடக்கும். மத்திய அமெரிக்காவின் கான்விக்ட் ஜோடி முட்டையிட்டுவிட்டால் இரண்டடித் தொட்டி முழுக்க அவற்றின் ராஜ்ஜியம்தான். ஆஸ்கார் ஓரடி வரை வளரும், வாயில் அடங்கும் எதையும் விழுங்கும். ஃபிளவர்ஹார்னைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அதற்குத் தனித் தொட்டிதான்.

தீனியிலும் இதே சிக்கல். மலாவிப் பாறை மீன்களில் பல, பாசியைச் சுரண்டித் தின்னும் நீள்குடல் மீன்கள். டிஸ்கஸுக்கென்று போடும் மாட்டு இதயக் கலவையை அவையே முந்திக்கொண்டு தின்னும். வயிறு வீங்கி, வெள்ளை நூலாகக் கழிவு தொங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

மலாவி, டாங்கனிக்கா இரண்டும் ஆப்பிரிக்காதானே என்றும் ஏமாறாதீர்கள். டாங்கனிக்காவின் ஃப்ரன்டோசா நிதானமான மீன். மலாவிக் கூட்டத்தின் பரபரப்பில் அதற்குச் சாப்பாடே கிடைக்காது.

ஏற்கெனவே கலந்து விட்டிருக்கிறீர்களா? இன்றைக்கே பிரியுங்கள். அடிபடும் மீனை ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடும் தனி டப்புக்கு மாற்றுங்கள். வேறு இடமில்லையென்றால் தொட்டிக்குக் குறுக்கே துளையுள்ள தடுப்பாவது வையுங்கள். குளோரின் நீக்கிய, அதே பி.எச். உள்ள தண்ணீரில் கால் பங்கு மாற்றுங்கள். பி.எச்.-ஐ ஏற்றவோ இறக்கவோ எதையும் ஊற்றாதீர்கள். வேண்டாத மீனை ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியாவும் ஒரு சிக்லிட்தான். ஜிலேபிக் கெண்டை என்ற பெயரில் அது நம் குளங்களை நிறைத்துக்கொண்டதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்!

அடுத்த முறை பணத்தை எடுக்கும் முன்பு கடைக்காரரிடம் கேளுங்கள்: இந்த மீன் எந்த ஏரி, எந்த ஆறு, எவ்வளவு பெரிசாகும், என்ன தின்னும்? பதில் சொல்லத் தெரியாத கடையில் சிக்லிட் வாங்காதீர்கள்.